மசாய் ஊரில் பதினாலு நாள் மருத்துவ முகாம்: போகலாமா, வேண்டாமா?

தேனி நர்ஸ்
வணக்கம். எட்டு வருஷமா ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். கென்யாவில் நாரோக் பக்கம், லோய்தா மலையில் இருக்கிற மசாய் பழங்குடி ஊர்களில் முகாம் நடத்துற ஒரு வெளிநாட்டு அமைப்பு என்னைத் தன்னார்வலரா வரச்சொல்லிக் கேட்டிருக்கு. பதினாலு நாள். விமான டிக்கெட் என் கைக்காசு. அதுபோக தங்க, சாப்பிட, வண்டிக்குன்னு 1,800 டாலர் கட்டணும். கடைசி இரண்டு நாள் மசாய் மாரா சரணாலயத்தில் சிங்கம் காட்டுவாங்களாம். "காசு கட்டி வேலைக்குப் போற முதல் ஆள் நீதான்"னு வீட்டுக்காரர் கிண்டல் பண்றார்.

நர்ஸிங் படிக்கும்போதிருந்தே இப்படி ஒரு இடத்துக்குப் போகணும்னு ஆசை. ஆனா அவங்க பிரசுரத்தில் ஒரு வரி உறுத்துது: "மருத்துவ அனுபவம் தேவையில்லை, அன்பு போதும்." அன்பை வச்சு ஐ.வி. லைன் போட முடியுமா? போய் வந்தவங்க இருந்தா மறைக்காம சொல்லுங்க.

கறார் கந்தசாமி
போகாதீங்க. டிக்கெட் காசையும் சேர்த்து அங்கே இருக்கிற டிஸ்பென்சரிக்கு அனுப்புங்க. ஒரு உள்ளூர் நர்ஸுக்குச் சில மாசச் சம்பளம் ஆகும். பதினாலு நாள் பாராசிட்டமாலும் பூச்சி மாத்திரையும் கொடுத்துட்டு, பிள்ளைகளை மடியில் வச்சுப் படம் எடுத்துட்டு வர்றதுல அவங்களுக்கு என்ன கிடைக்குது? பதினைந்தாவது நாள் காய்ச்சல் வந்தா யார்கிட்ட போவாங்க?

வழிப்போக்கன்
அவங்க மாட்டு ரத்தம் குடிப்பாங்களாமே, நிஜமா?

நைரோபிவாசி
வழிப்போக்கருக்கு முதல்ல பதில்: சடங்கு நாள்ல, பிரசவமான பொண்ணுக்கு, பாலோட கலந்து கொடுக்கிற வழக்கம் உண்டு. தினப்படி சாப்பாடு உகாலி, அதாவது சோளமாவுக் களி. கூடவே சர்க்கரை அள்ளிப் போட்ட பால் டீ. ரத்தத்தைவிட அந்த டீதான் இப்ப டாக்டர்களுக்குக் கவலை.

சிஸ்டர், நான் டாக்டர் இல்ல, கணக்கு எழுதுற ஆள். பத்தொன்பது வருஷமா நைரோபியில் இருக்கேன். இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மாசம் ஒரு தடவை நடத்துற நடமாடும் கிளினிக்கில் பதிவு மேசை என் பொறுப்பு. கந்தசாமி அண்ணன் சொல்றதில் பாதி சரி. மிச்சப் பாதிக்கு நான் பார்த்ததைச் சொல்றேன்.

புதுசா வர்றவங்க முதல் நாள் தடுமாறுறது நோயில் இல்ல, பதிவு மேசையில். வயசு என்னன்னு கேட்டா பெரியவங்க பேசாம உங்களைப் பார்ப்பாங்க. வருஷக் கணக்கு அங்கே எடுபடாது. ஆம்பளைங்கன்னா எந்த வயதுக்குழுன்னு, அதாவது யாரோட சேர்ந்து வாலிபரானாங்கன்னு கேட்கணும். இல்-செயுரின்னா ஒரு தலைமுறை, இல்-கிதோய்ப்னா அதுக்கு அடுத்தது. அதை வச்சு நாமதான் வயசை ஊகிக்கணும். பொண்ணுங்ககிட்ட, நீங்க குமரியா இருந்தப்ப மோரான்களா, அதாவது இளம் போர்வீரர்களா, இருந்தது எந்தக் குழுன்னு கேட்கலாம். செத்தவங்க பேரைச் சொல்றதும் வழக்கமில்ல. குடும்ப நோய் வரலாறு எழுதுறேன்னு "உங்க அப்பா பேர் என்ன, எதனால செத்தார்?"னு ஒரு வெளிநாட்டுப் பையன் கேட்டான். அந்தம்மா எழுந்து போயிட்டாங்க. அன்னிக்கு அவங்க திரும்பி வரவே இல்ல.

அப்புறம் மொழி. நோயாளி மசாய்க்காரங்களோட மா மொழியில் சொல்றதை ஒருத்தர் சுவாஹிலியில் சொல்வார், இன்னொருத்தர் இங்கிலீஷில் சொல்வார். "நெஞ்சு எரியுது" மூணு வாய் மாறி வரும்போது "மனசு சரியில்ல"ன்னு ஆகியிருக்கும்.

நேரமும் அப்படித்தான். சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து ஓடும், நம்ம பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. "சா ம்பிலி"ன்னா வார்த்தைக்கு வார்த்தை இரண்டு மணி, ஆனா அது காலை எட்டு. மாத்திரை உறையில் 2, 8-ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனவங்க எத்தனையோ பேர்.

கடைசியா சட்டம். டூரிஸ்ட் அனுமதியில் வந்து நோயாளியைத் தொடக் கூடாது. நர்ஸ்னா கென்ய நர்ஸிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, டாக்டர்னா மருத்துவர், பல் மருத்துவர் கவுன்சிலில் தற்காலிக உரிமம், குடியேற்றத் துறையில் ஸ்பெஷல் பாஸ். உங்களைக் கூப்பிடுறவங்க இதையெல்லாம் பேசினாங்களா? சிங்கத்தைப் பத்தி மட்டும் பேசினாங்கன்னா அது சுற்றுலா.

தேனி நர்ஸ்
பதிவு பத்தி ஒரு வார்த்தை வரல. நீங்க சொல்லித்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியுது.

இரண்டாம் ஆண்டு
நான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். சீனியர் ஒருத்தர் போனார், அங்கே தையல் போட விட்டாங்களாம், பிரசவம்கூடப் பார்த்தாராம். இங்கே ஃபைனல் இயரில்கூட அந்த வாய்ப்பு இல்ல. எனக்கும் ஆசையா இருக்கு. யார்கிட்ட கேட்கணும்?

தேனி நர்ஸ்
தம்பி, கோவிச்சுக்காதே. உன் அம்மாவுக்கு இரண்டாம் வருஷப் பையன் பிரசவம் பார்க்கலாமா? வேண்டாம்னா அந்த அம்மாவுக்கும் வேண்டாம். தையல் பழக வாழைப்பழத் தோல் இருக்கு.

மாத்திரைப்பெட்டி
சிஸ்டர் சொன்னதுக்கு என் கைதட்டல். நான் பார்மசிஸ்ட், இந்த மாதிரி இரண்டு முகாமுக்குப் போயிருக்கேன். இரண்டாவதுக்கு அப்புறம் நிறுத்திட்டேன். காரணம் ஒரு சூட்கேஸ்.

சூட்கேஸ் நிறைய மாத்திரை கொண்டுவந்திருந்தாங்க. டாக்டர்களுக்குக் கம்பெனிக்காரங்க கொடுத்த சாம்பிள்கள், பாதி அட்டை வெட்டியது, காலாவதிக்கு ஏழு வாரம் இருக்கிறது, பேர் மட்டும் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. தானமா கொடுக்கிற மருந்து போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷமாவது ஆயுள் இருக்கணும், அந்த ஊர்க்காரங்களுக்குப் புரியற மொழியில் லேபிள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுது. முதல் வழிகாட்டி 1996-லேயே வந்தாச்சு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து பிரிச்சேன். முக்கால்வாசி குப்பை. மருந்தை எரிக்க அங்கே உலையும் கிடையாது.

கொண்டு போகவே வேண்டாம், நைரோபியில் வாங்கிக்கலாம். மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து விற்கவே மெட்ஸ்னு ஒரு அமைப்பு 1986-லிருந்து இருக்கு. அலமாரியில் பாதி நம்ம இந்தியாவில் செஞ்ச மருந்துதான். இதுல நாம வேற சூட்கேஸில் சுமக்கணுமா?

இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. பாம்புக்கடி மருந்தை இங்கேருந்து எடுத்துட்டுப் போகாதீங்க. நம்ம ஊர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் செஞ்சது. விஷம் எடுத்துக் கொடுக்கிறது வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். அங்கே கடிக்கிறது பஃப் ஆடர், கருமாம்பா, விஷம் துப்புற நாகம். ஆசியப் பாம்புக்கான மருந்தை ஆப்பிரிக்காவில் போட்டு வேலை செய்யாமப் போன கதை ஏற்கெனவே நடந்திருக்கு. ஆப்பிரிக்கப் பாம்புக்குன்னே செஞ்சது வேணும்.

நான் நிறுத்தினதுக்கு இன்னொரு காரணம் புருசெல்லோசிஸ். காய்ச்சாத பால், கன்று ஈனும்போது கையை விட்டு இழுக்கிறது, இதிலிருந்து வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வியர்வை. மலேரியா, டைபாய்டுன்னு நினைச்சு ஒரு வாரம் மாத்திரை கொடுப்பாங்க. சொட்டு ரத்தத்தை அட்டையில் வச்சுப் பார்க்கிற துரித சோதனை பல தடவை பொய்யா பாசிட்டிவ் காட்டும். நிஜமாவே இருந்தா டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் விடாம சாப்பிடணும். நம்ம முகாமோ இரண்டு வாரம். கணக்கு உதைக்குதா?

பல்பிடுங்கி
தர்மபுரி பல் டாக்டர் பேசறேன். கென்யாவிலும் தான்சானியாவிலும் பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம். எரிமலைப் பாறை. பயறு சீக்கிரம் வேகட்டும்னு மகாடி ஏரி சோடாவைப் போடுவாங்க, அதிலும் ஃப்ளோரைடு. அங்கே போய் முதல் பிள்ளை வாயைத் திறந்ததும் எனக்குப் பென்னாகரம் ஓ.பி.யில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதே பழுப்புப் பல், அதே குழி. நமக்காவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பல்லைத் தேய்ச்சு வெள்ளையாக்கித் தர்றேன்னு ஒரு குழு கிளம்பினதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணியை மாத்தாம பல்லை என்ன பண்றது?

இன்னொரு விஷயம். கைக்குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்தா, ஈறுக்குள்ள இருக்கிற கோரைப்பல் முளைதான் காரணம்னு அதைத் தோண்டி எடுக்கிற பழக்கம் உண்டு. ஈறில் சின்னத் தழும்பு தெரியும். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, கத்திட்டேன். கூட இருந்த உள்ளூர் சுகாதாரப் பெண் என்னைத் தள்ளி நிறுத்திட்டு, அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. பல்லைப் பத்திப் பேசவே இல்ல. வயித்துப்போக்கு நின்னா பல்லைத் தோண்டுற அவசியம் தானே நிற்கும், அதுதான் அவங்க கணக்கு. ஏழு வருஷம் படிச்ச எனக்கு அது தோணல.

கறார் கந்தசாமி
பாருங்க, நீங்க எல்லாருமே என் பக்கம்தான் பேசறீங்க. வைத்தியம் வேணும்னா அந்தச் சனங்க தேடிப் போகமாட்டாங்களா? 2011-ல் தான்சானியா லோலியோண்டோவில் என்ன நடந்தது? சமுங்கே கிராமத்தில் ஒரு ஓய்வுபெற்ற லூத்தரன் போதகர், ஒரு கோப்பை வேர்க் கஷாயம் 500 ஷில்லிங்னு கொடுத்தார். எல்லா நோயும் தீரும்னார். கிலோமீட்டர் கணக்கில் வண்டி வரிசை, அமைச்சர்களும் போய்க் குடிச்சாங்க.

நைரோபிவாசி
நல்ல உதாரணம் எடுத்தீங்க அண்ணே, ஆனா அது உங்க கட்சிக்கு ஆகாது. ரோடு இல்லாத ஊருக்கு அத்தனை பேர் போய் வரிசையில் நாள்கணக்கில் நின்னாங்கன்னா வைத்தியத்துக்கு எவ்வளவு தவிப்பு இருக்குன்னு பாருங்க. வரிசையிலேயே செத்தவங்களும் உண்டு. எச்.ஐ.வி. மாத்திரையை, சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டுப் போனவங்களும் உண்டு. அந்தப் போதகர் 2021-ல் காலமாயிட்டார். இத்தனைக்கும் அந்தச் செடி வேற எதுவும் இல்ல, நம்ம சிறுகளாச் செடி.

மசாய்க்காரங்க நாட்டு மருந்தை நான் கேலி பண்ணமாட்டேன். அவங்க மொழியில் மரத்துக்கும் மருந்துக்கும் ஒரே சொல், ஒல்சானி. ஆட்டுச் சூப்பில் ஒல்கிலோரித்தி பட்டையைப் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. அது நம்ம கருவேலம்பட்டைதான். எங்க தாத்தா அதுல பல் தேய்ச்சார்.

கண்மணி மதுரை
இங்கே கண்ணைப் பத்தி யாருமே சொல்லலையே. ட்ரகோமாங்கிற கண் தொற்றுநோய் அங்கே இன்னும் இருக்கு. நாரோக், கஜியாடோ இரண்டிலும் பல வருஷமா இருந்த நோய். இந்தியா அதிலிருந்து விடுபட்டதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சதே 2024 அக்டோபரில்தான். அதனால நம்ம இளம் கண் டாக்டர்கள் அதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பாங்க.

ஈ முகத்தில் உட்கார்ந்து பரப்பும். சின்ன வயசில் திரும்பத் திரும்ப வந்து, மேலிமை உள்பக்கம் தழும்பாகி, நாற்பது வயசுக்குள்ள இமை உள்ளே மடங்கிடும். கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் முடி கருவிழியைக் கீறும். பொண்ணுங்களுக்குத்தான் அதிகம், பிள்ளைகள் கூடவே இருக்கிறதால. மருந்து எளிது: அசித்ரோமைசின் ஒரு வேளை, ஊருக்கே மொத்தமா. எடை பார்க்கிறதில்ல. கோடு போட்ட ஒரு கம்பு பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, உயரம் எந்தக் கோட்டுக்கு வருதோ அத்தனை மில்லி. ஆனா முகம் கழுவத் தண்ணி வேணும். தண்ணி எடுக்க நாலு மணி நேரம் நடக்கிற ஊரில் முகம் கழுவுன்னு சொல்ல நாக்கு கூசும்.

எங்க ஊர் அரவிந்த் 1976-ல் பதினோரு படுக்கையோட ஆரம்பிச்சது. முகாமில் பரிசோதனை, ஆபரேஷனுக்கு பஸ்ஸில் ஏத்தி ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் ஊரில் கொண்டுபோய் விடுறது. நான் கத்துக்கிட்டது இதுதான்: முகாம்னா வாசல். உள்ளே வீடு இருக்கணும். சிஸ்டர், உங்களைக் கூப்பிடுறவங்ககிட்ட வீடு எங்கேன்னு கேளுங்க.

தேனி நர்ஸ்
கேட்டேன். மூணு கேள்வி அனுப்பினேன். நீங்க போன பிறகு நோயாளியைப் பார்க்கிறது யார்? எனக்கு உரிமம் யார் வாங்கித் தருவாங்க? 1,800 டாலரில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகுது? பதினோரு நாள் கழிச்சு வந்த பதில், "உங்க ஆர்வத்துக்கு நன்றி, இடம் வேகமா நிரம்புது."

போகல. நைரோபிவாசி சார் தனி மடலில் ஒரு வழி சொன்னார். நாரோக் பக்கம் ஒரு மிஷன் டிஸ்பென்சரி, வருஷம் முழுக்க நடக்கிறது. அங்கே குறைஞ்சது ஆறு வாரம் இருக்கணும், பொறுப்பு நர்ஸுக்குக் கீழேதான் வேலைன்னாங்க. பதிவுக்கே நாலு மாசம் ஆகுமாம். சரின்னுட்டேன். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சு. அந்த அட்டை இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்டிலேயே பிடிச்சு வச்சுடுவாங்களாம். போய் வந்து எழுதறேன்.

தேனி நர்ஸ் (ஏழு மாசம் கழிச்சு)
இழையை மேலே தூக்கினதுக்கு மன்னிக்கணும். வந்து பத்து நாளாச்சு.

பொறுப்பு நர்ஸுக்கு என்னைவிட ஆறு வயசு சின்னது. முதல் வாரம் என்னை ஊசி தொட விடல. எடை பார்க்கிற வேலை. வேப்பமரம் மாதிரி ஒரு மரக்கிளையில் தொங்குற தராசு, அதுல நீலத் துணி டவுசர், பிள்ளையை அதுக்குள்ள போட்டு மாட்டணும். நம்ம அங்கன்வாடியில் பார்த்த அதே தராசு. எட்டு வருஷ ஐ.சி.யூ. அனுபவத்தோட நான் அங்கே நின்னு கிலோ படிச்சேன். மனசுக்குள்ள கொஞ்சம் புகைஞ்சதை மறைக்கல. இரண்டாவது வாரம்தான் புரிஞ்சது, அந்த மரத்தடியில் நின்னதாலதான் எல்லா அம்மாக்களுக்கும் என் முகம் தெரிஞ்சது.

முதல் நாள் ஒரு கூத்து. பிள்ளைகள் என் பக்கத்தில் வந்து தலையைக் குனிஞ்சு நின்னுச்சுங்க. தலையில் புண்ணு போலன்னு நான் ஒவ்வொண்ணா முடியை விலக்கிப் பார்த்தேன். டிஸ்பென்சரியே சிரிச்சது. அது வணக்கம் சொல்ற முறை. பெரியவங்க உச்சந்தலையைத் தொடணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் தினமும் நாற்பது தலை தொட்டேன்.

கண்மணி மேடம், நீங்க சொன்ன இமையைப் பார்த்தேன். ஒரு பாட்டி, காது மடல் தோள்வரை தொங்குது, கழுத்து நிறைய மணி. மணிகளுக்கு நடுவில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு சாமணம், தகரத்தை மடிச்சு யாரோ செஞ்சது. பேசிக்கிட்டு இருக்கும்போதே அதை எடுத்து, கண்ணாடிகூட இல்லாம, மேலிமையைத் தடவி ஒரு முடியைப் பிடுங்கினாங்க. பிடுங்கினதைத் துணியில் துடைச்சுட்டுப் பேச்சைத் தொடர்ந்தாங்க. எத்தனை வருஷமான்னு கேட்டோம். கடைசி மகன் பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்தேன்னாங்க. அந்த மகனுக்கு இப்ப இரண்டு பிள்ளை. நாரோக்கில் ஆபரேஷன் நாள் குறிச்சு, போடா போடான்னு சொல்ற வாடகை மோட்டார் பைக்குக்கு எம்-பெசாவில், அதாவது மொபைல் வழியா, காசு போட்டு அனுப்பினது அந்த நர்ஸ். திரும்பி வந்தப்ப இரண்டு கண்ணிலும் கட்டு. என் உள்ளங்கையை விரிச்சு அதுல துப்பினாங்க. ஆசீர்வாதம்னு முன்னாடியே படிச்சிருந்தேன். இருந்தாலும் என் இன்னொரு கை பாக்கெட்டில் இருந்த சானிடைசரை நோக்கித் தானாப் போச்சு. நர்ஸ் கண்ணாலேயே அதட்டினாங்க. கை காயற வரைக்கும் அப்படியே நின்னேன்.

மாத்திரைப்பெட்டி சார், நேரத்துக்கு அவங்க வச்சிருக்கிற வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. மணியே சொல்றதில்ல. காலையில் கறக்கும்போது ஒண்ணு, சாயங்காலம் கறக்கும்போது ஒண்ணு. மூணு வேளை மருந்து எழுதினா மத்தியான வேளை கண்டிப்பா விட்டுப்போகும், அதனால முடிஞ்சவரை இரண்டு வேளை மருந்தாவே எழுதுவாங்க. புருசெல்லோசிஸ் நோயாளிகளுக்கு ஒரு நோட்டு, ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்டது. சந்தை நாள் அன்னிக்கு வந்து கட்டத்தில் கோடு போட்டுட்டு அடுத்த வார மாத்திரை வாங்கிக்கணும். நான் இருந்த ஆறு வாரத்தில் ஒரே ஒருத்தர் முழுசா முடிச்சதைப் பார்த்தேன், மத்தவங்க கட்டம் பாதியில் நிக்குது.

கர்ப்பிணிகள் விஷயம்தான் கஷ்டமா இருந்தது. கடைசி மாசங்களில் சாப்பாட்டைக் குறைச்சுடுவாங்க, பிள்ளை பெருத்தா பிரசவம் கஷ்டம்னு. எங்க அப்பத்தாவும் எங்க அம்மாகிட்ட இதையேதான் சொன்னாங்களாம். அதைச் சொன்னேன். "அப்ப நீ எப்படி இவ்வளவு பெருசா இருக்கே?"ன்னு எங்காய்தோயோனி, அதாவது மருத்துவச்சி, கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. யாராவது மனசு மாறினாங்களான்னு எனக்குத் தெரியாது.

கந்தசாமி அண்ணே, உங்க கணக்கும் தப்பில்ல. நான் போனதால அங்கே ஒண்ணும் மாறல. அந்த நர்ஸ் மூணு வருஷத்தில் முதல் தடவையா பன்னிரண்டு நாள் லீவு எடுத்து அவங்க அம்மாவைப் பார்க்கப் போனாங்க. அந்த நாட்களுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிளினிக்கல் ஆபீசர், அதாவது டாக்டருக்கு அடுத்த நிலையில் வைத்தியம் பார்க்கிறவர், வந்தார், அவருக்கு நான் எடுபிடி. என் ஆறு வாரத்தின் வரவு அந்தப் பன்னிரண்டு நாள்னு எழுதிக்கலாம்.

கறார் கந்தசாமி
பன்னிரண்டு நாள் லீவு. அதை ஒத்துக்கறேன். அந்த டிஸ்பென்சரிக்குக் காசு அனுப்புற வழி தனி மடலில் போடுங்க. ரசீது தருவாங்களா?

தேனி நர்ஸ்
தருவாங்க அண்ணே. கையெழுத்துதான் கோழி கிறுக்கல்.

வழிப்போக்கன்
சிங்கம் பார்த்தீங்களா?

தேனி நர்ஸ்
இல்ல. ராத்திரி கழுதைப்புலி சத்தம் மட்டும். ஒரு நாள் விடிகாலையில் சிங்கம் பட்டியில் புகுந்து ஒரு மாட்டை அடிச்சுதுன்னு ஊரே அந்தப் பக்கம் போயிடுச்சு. அன்னிக்கு ஓ.பி.யில் பதினோரு பேர்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் மத்தியானச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டோம்.